கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவரே கோச்... ஆனால் தோல்விதான் அதிகம்! யார் இந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்?

1899-ம் ஆண்டு, பிப்ரவரி 3. அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி தன் முதல் போட்டியில் இறங்குகிறது. எதிரணி, கன்சாஸ் சிட்டி ஒய்எம்சிஏ. பல்கலைக்கழக அணிக்குப் புதிதாக ஒரு கோச் வந்திருக்கிறார். சாதாரண ஆள் இல்லை. கூடைப்பந்து என்ற விளையாட்டையே கண்டுபிடித்தவர். அதன் விதிகளை உட்கார்ந்து எழுதியவர்.

இப்படி ஒருவர் கோச்சாக இருந்தால் அந்த அணியை யாரால் ஜெயிக்க முடியும் என்றுதானே தோன்றும்?

ஸ்கோர் 16-5. ஜெயித்தது ஒய்எம்சிஏ.

அந்த கோச்சின் பெயர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். அடுத்த சில ஆண்டுகள் அவர்தான் அந்த அணியின் பொறுப்பில் இருந்தார். மொத்தக் கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. கன்சாஸ் பல்கலைக்கழகம் இன்று அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் ஜாம்பவான்களில் ஒன்று. 2,000-க்கும் அதிகமான போட்டிகளை ஜெயித்த அணி. அதன் ஆண்கள் அணி வரலாற்றில் வெற்றியைவிடத் தோல்வி அதிகமாக வைத்திருக்கும் ஒரே தலைமைப் பயிற்சியாளர், அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவர்தான்!

இது வெறும் வேடிக்கையான புள்ளிவிவரமா? இல்லை, இதற்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்கிறதா? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

பெற்றோரை இழந்த பையன்

நெய்ஸ்மித் பிறந்தது அமெரிக்காவில் இல்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், அல்மான்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில், 1861 நவம்பர் 6-ல் பிறந்தார். ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய குடும்பம். 1870-ல் டைஃபாய்டு காய்ச்சல் வந்து அப்பா, அம்மா இருவருமே அடுத்தடுத்து இறந்துபோனார்கள். பையனுக்கு அப்போது 9 வயதுகூட முழுதாக நிரம்பவில்லை. பாட்டியும் பிறகு தாய்மாமனும்தான் வளர்த்தார்கள்.

மாமா கண்டிப்பான மனிதர். பண்ணை வேலை, குதிரை வண்டி, மரம் வெட்டுவது என்று எல்லாவற்றிலும் பையன் கை வைக்க வேண்டியிருந்தது. படிப்பில் பெரிதாக ஆர்வம் இல்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு மரம் வெட்டும் முகாம்களில் சில வருஷம் வேலை பார்த்தார். பிறகு மனசு மாறி, தன்னைவிடச் சின்னப் பையன்களோடு உட்கார்ந்து பள்ளிப் படிப்பை முடித்தார். 1883-ல் மான்ட்ரியாலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அல்மான்ட் ஊர்ப் பையன்கள் ஒரு கல் விளையாட்டு ஆடுவார்கள். பெரிய பாறை ஒன்றின் மேல் சின்னக் கல்லை வைத்து, தூரத்தில் நின்று இன்னொரு கல்லால் அதைத் தட்டிவிட வேண்டும். குறி தப்பினால், காவல் நிற்கும் பையன் தொடுவதற்குள் ஓடிப்போய் உங்கள் கல்லை எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். வேகமாக எறிந்தால் கல் எங்கேயோ போய் விழும், எடுத்து வருவதற்குள் மாட்டிக்கொள்வீர்கள். மெதுவாக, வில் மாதிரி வளைத்து மேலே தூக்கிப் போட்டால் குறியும் தப்பாது, கல்லும் பக்கத்திலேயே விழும்.

இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

போதகர் ஆக வேண்டியவர்

கல்லூரியில் நெய்ஸ்மித் ஆடாத ஆட்டம் இல்லை. ரக்பி, லக்ராஸ், கால்பந்து, ஜிம்னாஸ்டிக்ஸ் என எல்லாவற்றிலும் கில்லி. ஆனால் அவர் போக நினைத்த பாதை வேறு. கிறிஸ்தவ போதகர் ஆக வேண்டும் என்று இறையியல் படித்து, 1890-ல் அந்தப் படிப்பை முடித்தார்.

அந்தக் காலத்துப் பக்தி மிகுந்த குடும்பங்களில் விளையாட்டுக்கு நல்ல பெயர் கிடையாது. மைதானம் என்றாலே சண்டை, குடி, கெட்ட சகவாசம் என்றுதான் பேச்சு. நெய்ஸ்மித்துக்கு அப்படித் தோன்றவில்லை. பிரசங்க மேடையில் நின்று ஒரு இளைஞனை மாற்றுவதைவிட, மைதானத்தில் அவனோடு நின்று மாற்றுவது சுலபம் என்று நம்பினார். அதனால் போதகர் வேலைக்குப் போகாமல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்எம்சிஏ பயிற்சிப் பள்ளிக்குக் கிளம்பிவிட்டார்.

அங்கேதான் அந்த 14 நாள் கெடு காத்திருந்தது.

14 நாள், 18 பேர், 13 விதிகள்

1891 குளிர்காலம். வெளியே பனி. கால்பந்து சீசன் முடிந்துவிட்டது, பேஸ்பால் தொடங்க இன்னும் பல மாதம் இருக்கிறது. நடுவில் மாணவர்களுக்குக் கிடைத்தது உடற்பயிற்சிக் கூடத்துக்குள் அணிவகுப்பும் கை கால் அசைவுகளும்தான். செம போர். 18 பேர் கொண்ட ஒரு வகுப்பு அடங்கவே மாட்டேன் என்றது. ஏற்கெனவே இரண்டு ஆசிரியர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

உடற்கல்வித் துறைத் தலைவர் லூதர் குலிக், அந்த வகுப்பை நெய்ஸ்மித் தலையில் கட்டினார். கூடவே ஒரு கெடு. கூரைக்குக் கீழே ஆடக்கூடிய, சுவாரஸ்யமான, யாருக்கும் அடிபடாத புது விளையாட்டு ஒன்று 14 நாளில் வேண்டும்.

முதலில் நெய்ஸ்மித் தெரிந்த விளையாட்டுகளையே உள்ளே கொண்டுவந்து பார்த்தார். கால்பந்து ஆடினால் ஜன்னல் கண்ணாடிக்கு ஆபத்து. லக்ராஸ் ஆடினால் ஆட்களுக்கே ஆபத்து. எல்லாமே சொதப்பல். கெடு முடியப்போகிறது.

அப்போதுதான் அவர் பிரச்சினையைத் துண்டு துண்டாகப் பிரித்தார். மட்டை வேண்டாம், பெரிய, மெத்தென்ற பந்து போதும். ஆட்கள் ஏன் ஒருவரை ஒருவர் இழுத்துத் தள்ளுகிறார்கள்? பந்தை வைத்துக்கொண்டு ஓடுவதால். அப்படியென்றால் பந்தோடு ஓடக் கூடாது. பிடித்த இடத்திலிருந்தே வீச வேண்டும். கோல் கம்பம் நேராக நின்றால் பந்தை முழு வேகத்தில் அடிப்பார்கள். அப்படியென்றால் கோலைத் தலைக்கு மேலே வைத்து, வாயை மேல்நோக்கித் திருப்பிவிட்டால்?

அல்மான்ட் ஊர்க் கல் விளையாட்டு இங்கேதான் கைகொடுத்தது. வேகம் வேண்டாம், வளைத்துப் போட்டால் போதும்.

பள்ளியின் பராமரிப்பு ஊழியரிடம் இரண்டு பெட்டி கேட்டார். அவரிடம் பெட்டி இல்லை, பீச் பழக்கூடைகள் இரண்டு இருந்தன. அவற்றைக் கூடத்தின் மாடத்துக் கைப்பிடிச் சுவரில், 10 அடி உயரத்தில் அடித்தார்கள். இன்று உலகம் முழுக்கக் கூடைப்பந்து வளையம் 10 அடி உயரத்தில் இருக்கிறதே, காரணம் இதுதான். அந்த மாடம் அந்த உயரத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

13 விதிகளை எழுதி, தட்டச்சு செய்து, பலகையில் ஒட்டினார். 1891 டிசம்பர் 21-ல் 18 பேரும் 9-9 ஆகப் பிரிந்து ஆடினார்கள். மொத்த ஆட்டத்திலும் விழுந்தது ஒரே ஒரு கூடை. முடிவு 1-0. கூடைக்கு அடியில் ஓட்டை இல்லாததால் பந்தை ஏறி எடுக்க வேண்டியிருந்தது. ஆனால் அடங்காத அந்த வகுப்பு, ஆட்டத்தை நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தவில்லை.

ஒய்எம்சிஏ கிளைகள் இருந்த ஊருக்கெல்லாம் விளையாட்டு சில வருஷத்திலேயே பரவியது. பெண்களும் ஆடத் தொடங்கினார்கள். ஸ்பிரிங்ஃபீல்டில் ஆரம்பத்தில் ஆடிய பெண்களில் மாட் ஷெர்மன் என்பவரும் ஒருவர். 1894-ல் நெய்ஸ்மித் அவரைத்தான் திருமணம் செய்தார்.

கோச் வேலைக்கா கூப்பிட்டார்கள்?

1895-ல் நெய்ஸ்மித் டென்வர் நகருக்குப் போனார். அங்கே ஒய்எம்சிஏவில் உடற்கல்வி வேலை, கூடவே மருத்துவப் படிப்பு. 1898-ல் டாக்டர் பட்டம் கையில். அதே வருஷம் கன்சாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு.

ஆனா ஒரு விஷயம். அவரைக் கூப்பிட்டது கூடைப்பந்து கோச் வேலைக்கு இல்லை. பல்கலைக்கழகத்துக்குத் தேவைப்பட்டது இரண்டு வேலை பார்க்கும் ஒரு ஆள்: ஒன்று, மாணவர்களின் தினசரி வழிபாட்டை நடத்துவது. இரண்டு, உடற்கல்வி சொல்லித்தருவது. இறையியலும் மருத்துவமும் உடற்பயிற்சியும் படித்த ஒரே ஆள் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? கூடைப்பந்து அந்த நியமனத்தின் ஓரத்தில்கூட இல்லை. அவர் வந்ததால் மாணவர்கள் ஆடினார்கள், ஆடியதால் ஒரு அணி உருவானது, அணி உருவானதால் அவர் கோச் ஆனார்.

அந்த முதல் சீசன்

இன்றைய கண்ணோடு அந்த 1898-99 சீசனைப் பார்க்கக் கூடாது. இன்று ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் புது தலைமைப் பயிற்சியாளர் வருகிறார் என்றால் அது பெரிய செய்தி. பல கோடி சம்பளம், உதவிப் பயிற்சியாளர்கள் பட்டாளம், வீடியோ அனலிஸ்ட், செய்தியாளர் சந்திப்பு. முதல் இரண்டு ஆட்டம் தோற்றால் போதும், ரசிகர்கள் கணக்கு கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

நெய்ஸ்மித்துக்கு முதலில் ஒரு நல்ல ஆடுகளமே இல்லை. கூடைப்பந்து ஆடத் தோதான உடற்பயிற்சிக் கூடம் பல்கலைக்கழகத்தில் 1907-ல்தான் வந்தது. எதிரணிகளிலும் ஒய்எம்சிஏ அணிகள் முக்கியமானவை. அவற்றில் இருந்தவர்கள் சில வருஷமாகவே கூடைப்பந்து ஆடிப் பழகியவர்கள். கன்சாஸ் மாணவர்களுக்கோ எல்லாம் புதுசு.

ஆட்டமும் இன்று நாம் பார்ப்பது இல்லை. ஒவ்வொரு கூடை விழுந்த பிறகும் பந்தை நடுவட்டத்துக்குக் கொண்டுபோய், இருவருக்கு நடுவே மேலே எறிந்து மறுபடி தொடங்க வேண்டும். இந்த வழக்கம் 1937 வரை இருந்தது. அதனால்தான் 16-5 மாதிரி ஸ்கோர் அப்போது சகஜம்.

முதல் ஆட்டத்தில் அடி வாங்கினாலும் அணி சுருண்டுவிடவில்லை. சீசன் முடிவில் 7 வெற்றி, 4 தோல்வி. புது கோச்சின் முதல் வருஷம் என்று பார்த்தால் தாராளமாகக் கைதட்டலாம். ஆனால் நெய்ஸ்மித் அதைப் பெரிய வெற்றியாக எடுத்துக்கொண்டு அடுத்த வருஷத்துக்குத் திட்டம் தீட்டும் ஆள் இல்லை. இன்னும் சொல்லப்போனால், ஆட்டம் நடக்கும்போது அவர் பல நேரம் ஓரத்தில்கூட இருக்க மாட்டார். விசிலை எடுத்துக்கொண்டு நடுவராகக் களத்துக்குள் இறங்கிவிடுவார்!

இதை அவருடைய அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். அன்றைய கூடைப்பந்தில் கோச் என்பவருக்கே பெரிய இடம் கிடையாது. ஆட்டத்துக்கு நடுவே இடைவேளை எடுத்தால்கூட கோச் வீரர்களோடு பேசக் கூடாது என்ற விதி அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் 1940-களின் கடைசி வரை இருந்தது. களத்துக்குள் போன பிறகு யோசிக்க வேண்டியது ஆடுகிறவர்கள்தான் என்பதே அந்தக் காலத்து எண்ணம்.

சரி, மனுஷன் ஏன் இவ்வளவு தோத்தார்?

அடுத்தடுத்த சீசன்களில் தோல்விகள் கூடின. 1907-ல் அவர் அணிப் பொறுப்பை விட்டபோது கணக்கு 55-60. சதவீதத்தில் சொன்னால் வெற்றி 48-ஐக்கூடத் தொடவில்லை.

காரணம் அவருக்கு ஆட்டம் தெரியாதது இல்லை. ஜெயிப்பதற்காக அவர் அந்த விளையாட்டை உருவாக்கவே இல்லை என்பதுதான் விஷயம். 18 இளைஞர்களைக் குளிர்காலத்தில் உடம்பும் மனசும் நலமாக வைத்திருக்கப் பிறந்த விளையாட்டு அது. ஒரு மாணவன் தோற்றாலும் கோபப்படாமல் கை கொடுத்துவிட்டு வந்தால், அந்த ஆட்டம் தன் வேலையைச் செய்துவிட்டது என்று அவர் நினைத்தார். மாணவர்களின் உடல் அளவுகளை எடுப்பது, மல்யுத்தம், வாள் சண்டை மாதிரியான தனிநபர் விளையாட்டுகளைச் சொல்லித்தருவது, மாணவர்களின் குடும்பக் கஷ்டங்களைக் கேட்பது, இவற்றுக்குத்தான் அவருடைய நேரம் போனது.

இங்கேதான் கதைக்குள் இன்னொரு ஆள் வருகிறார்.

சீடனோடு ஒரு வாக்குவாதம்

ஃபாரஸ்ட் ஆலன். கணீர்க் குரலால் ஃபாக் ஆலன் என்று பட்டப்பெயர் பெற்றவர். கன்சாஸ் அணியில் நெய்ஸ்மித்திடம் ஆடிய மாணவர். பக்கத்தில் உள்ள பேக்கர் பல்கலைக்கழகம் அவரைக் கூடைப்பந்து கோச் வேலைக்குக் கேட்டபோது நெய்ஸ்மித்துக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். கூடைப்பந்து என்பது ஆடுகிற விஷயம், அதை எப்படிப் பயிற்றுவிப்பது என்று ஆலனிடம் கேட்டார் என்பது கன்சாஸில் இன்றும் சொல்லப்படும் கதை.

ஆலன் அதை ஏற்கவில்லை. எந்தக் கோணத்தில் பந்தை வீசுவது, எதிரணியை எப்படி மறிப்பது, யார் எங்கே நிற்பது, எல்லாமே சொல்லித்தரக்கூடியதுதான் என்று நம்பினார். 1907-ல் நெய்ஸ்மித் விலகிய இடத்தில் அவரே கன்சாஸ் கோச் ஆனார். இரண்டு சீசன் கழித்துப் போய், 1919-ல் திரும்பி வந்து, 1956 வரை இருந்தார். கன்சாஸில் மட்டும் 590 வெற்றிகள். 1952-ல் தேசிய சாம்பியன் பட்டம். அவரிடம் ஆடிய அடால்ஃப் ரப், டீன் ஸ்மித் இருவரும் பின்னாளில் கென்டக்கியிலும் வட கரோலினாவிலும் சரித்திரம் படைத்த கோச்சுகள் ஆனார்கள்.

அப்படியென்றால் வாக்குவாதத்தில் ஜெயித்தது யார்?

கணக்கு ஆலன் பக்கம்தான். கூடைப்பந்தைச் சொல்லித்தர முடியும் என்பது சந்தேகமே இல்லாமல் நிரூபணமாகிவிட்டது. இந்த விஷயத்தில் நெய்ஸ்மித் கணிப்பு தவறு. கோச்சுகள் இல்லாமல் இந்த விளையாட்டு இவ்வளவு தூரம் வளர்ந்திருக்காது. ஆனால் ஆலன், ரப், ஸ்மித் என்று நீளும் அந்த வரிசையின் தலையில் நிற்பவர், கோச்சே தேவையில்லை என்று நினைத்த நெய்ஸ்மித்! தோற்ற கோச்சின் மாணவர்தான் ஜெயித்த கோச்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கருத்து வேறுபாடு இருந்தும் இருவரும் பகைத்துக்கொள்ளவில்லை. அதன் சாட்சி 1936-ல் தெரிந்தது.

பெர்லினில் ஒரு மழை நாள்

கூடைப்பந்துக்கு நெய்ஸ்மித் காப்புரிமை எடுக்கவில்லை. அதிலிருந்து அவர் பணக்காரரும் ஆகவில்லை. பல்கலைக்கழகப் பேராசிரியராகவே இருந்தார். 1916-ல் கன்சாஸ் படைப்பிரிவோடு மெக்சிகோ எல்லைக்கு ராணுவ போதகராகப் போனார். முதல் உலகப் போரில் ஒய்எம்சிஏ சார்பில் பிரான்ஸில் வீரர்களுக்கு மத்தியில் வேலை பார்த்தார். 1925-ல்தான் அமெரிக்கக் குடிமகன் ஆனார். 5 பிள்ளைகள், சராசரி நடுத்தர வாழ்க்கை.

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதல்முறையாகப் பதக்க விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. அதற்காக முன்னணியில் நின்று குரல் கொடுத்தவர்களில் ஒருவர் ஃபாக் ஆலன். விளையாட்டைக் கண்டுபிடித்தவர் அதை நேரில் பார்க்க வேண்டாமா? ஆனால் கடல் கடந்து போக அவரிடம் பணம் ஏது? அமெரிக்கா முழுக்கக் கூடைப்பந்து ஆட்டங்களில் ரசிகர்களிடம் சில்லறை சில்லறையாக வசூலித்தார்கள். அந்தப் பணத்தில்தான் 74 வயது நெய்ஸ்மித் பெர்லின் போய்ச் சேர்ந்தார்.

தொடக்க ஆட்டத்தில் பந்தை மேலே எறிந்து ஆரம்பித்துவைத்தார். 21 நாட்டு அணிகள் ஆடுவதைப் பார்த்தார். இறுதிப் போட்டி திறந்தவெளி மண் தரையில், கொட்டும் மழையில் நடந்தது. சேற்றில் பந்து எழும்பவே இல்லை. அமெரிக்கா 19, கனடா 8. அவர் பிறந்த நாடும் வாழ்ந்த நாடும் மோதிய ஆட்டம். ஜெயித்தவர்களுக்கும் தோற்றவர்களுக்கும் பதக்கம் கொடுக்க அவரே வந்து நின்றார்.

அணியில் இடமில்லாத மாணவன்

நெய்ஸ்மித் கதையில் பலரும் தாண்டிப் போய்விடும் ஒரு அத்தியாயம் இருக்கிறது.

1933-ல் ஜான் மக்லெண்டன் என்ற கறுப்பின இளைஞர் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி படிக்க வந்தார். கோச் ஆக வேண்டும் என்பது அவர் கனவு. நெய்ஸ்மித்தைத் தேடிப் போய், நீங்கள்தான் எனக்கு வழிகாட்டி என்று நின்றார். அப்பா அப்படிச் சொல்லி அனுப்பியிருந்தார்.

பிரச்சினை என்னவென்றால், கறுப்பின மாணவர்களுக்குப் பல்கலைக்கழக அணியில் அப்போது இடம் கிடையாது. நீச்சல் குளத்தில் இறங்கவே எதிர்ப்பு இருந்தது. குளத்தில் இறங்கும் உரிமைக்காக மக்லெண்டன் விடாமல் நின்றார், நெய்ஸ்மித் அவர் பக்கம் நின்றார். வகுப்பில் கற்றுக்கொடுத்தார், கோச்சாக வளர வழி காட்டினார். கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவரிடமே பாடம் கேட்ட மக்லெண்டன், அதே பல்கலைக்கழகத்துக்காக ஒரு ஆட்டம்கூட ஆட முடியாமல்தான் 1936-ல் பட்டம் வாங்கினார்.

நெய்ஸ்மித்தை இங்கே புனிதராக்க வேண்டியதில்லை. அணியின் கதவை அவரால் திறக்க முடியவில்லை. கன்சாஸ் கூடைப்பந்து அணியில் கறுப்பின வீரர் ஒருவர் ஆட 1950-களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்த மாணவருக்குத் தன் அறைக் கதவை அவர் மூடவில்லை. அதனால் நடந்தது என்ன என்று பாருங்கள்.

மக்லெண்டன் வட கரோலினா மாநிலம் டர்ஹாமில் உள்ள கறுப்பினக் கல்லூரி ஒன்றில் 1940-ல் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். மைதானம் முழுக்க ஓடி, எதிரணிக்கு மூச்சுவிட நேரம் கொடுக்காத வேகமான ஆட்டம்தான் அவர் பாணி. 1944 மார்ச் 12, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஊரே தேவாலயத்தில் இருந்த நேரம். அதே ஊரின் டியூக் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களின் வெள்ளையர் அணி, முகத்தை மறைத்துக்கொண்டு, சுற்றுவழியில் கார் ஓட்டி, மக்லெண்டனின் கல்லூரிக்கு வந்தது. கதவை உள்ளே பூட்டிக்கொண்டு ஆடினார்கள். இரு இனத்தவரும் சேர்ந்து ஆடுவதே தடைசெய்யப்பட்ட காலம். வெளியே தெரிந்தால் வேலை போகலாம், உயிரும் போகலாம். அதே ஆண்டு ஜூலையில் அதே டர்ஹாமில், பேருந்து இருக்கை தொடர்பான தகராறில் ஒரு கறுப்பின ராணுவ வீரரை ஓட்டுநர் சுட்டுக் கொன்றார். நீதிமன்றம் ஓட்டுநரை விடுதலை செய்தது. அப்படிப்பட்ட ஊர் அது.

ஆட்டத்தின் முடிவு 88-44. மக்லெண்டன் அணி இரண்டு மடங்கு வித்தியாசத்தில் ஜெயித்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் பெரிய விஷயம். இரண்டு அணிகளையும் கலந்து பிரித்து, இன்னொரு ஆட்டம் ஆடினார்கள். கிட்டத்தட்ட 50 வருஷம் இந்தச் செய்தி வெளியே வரவில்லை.

மக்லெண்டன் பின்னர் டென்னசியில் ஒரு கறுப்பினக் கல்லூரி அணியை 1957, 1958, 1959 என்று தொடர்ந்து மூன்று முறை தேசிய சிறு கல்லூரிகள் சாம்பியன் ஆக்கினார். நெய்ஸ்மித் பெயரைத் தாங்கிய கூடைப்பந்துப் புகழரங்கில் அவருக்கு இரண்டு முறை இடம் கிடைத்தது: 1979-ல் விளையாட்டுக்கு ஆற்றிய பங்களிப்புக்காக, மறைவுக்குப் பிறகு 2016-ல் பயிற்சியாளராக.

55-60 என்ற கணக்கில் இதெல்லாம் எந்தக் கட்டத்தில் வரும்?

நந்தனம் வரை ஒரு கோடு

நம் ஊருக்கும் இந்தக் கதைக்கும் ஒரு நிஜமான தொடர்பு உண்டு. நெய்ஸ்மித் விதிகளை எழுதிய அதே ஸ்பிரிங்ஃபீல்டு பள்ளியில் படித்தவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். அவர் சென்னைக்கு வந்து 1920-ல் தொடங்கியதுதான், இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரி. நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் விசிலோடு நின்ற பி.டி. மாஸ்டர்கள் பலரும் படித்து வந்த கல்லூரி. விளையாட்டு என்பது ஆளை உருவாக்கும் பாடம் என்ற ஸ்பிரிங்ஃபீல்டு எண்ணம், அந்த வழியாகத்தான் இங்கேயும் வந்து சேர்ந்தது.

கடைசி நாட்களும் அதற்குப் பிறகும்

நெய்ஸ்மித் 1937-ல் பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வு பெற்றார். அதே வருஷம் மனைவி மாட் காலமானார். 1939 நவம்பர் 28-ல், லாரன்ஸ் ஊரிலேயே, 78 வயதில் நெய்ஸ்மித் இறந்தார். கூடைப்பந்து பிறந்த கதையைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1941-ல்தான் வெளிவந்தது.

பலகையில் ஒட்டிய அந்த 13 விதிகளின் அசல் தாள் 2010 டிசம்பரில் ஏலத்துக்கு வந்தது. ஏலம் போன தொகை சுமார் 43 லட்சம் டாலர். வாங்கியவர் கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர். அந்தத் தாள் இன்று அந்தப் பல்கலைக்கழக வளாகத்திலேயே இருக்கிறது. அதை எழுதியவர் அதிலிருந்து சம்பாதித்ததாகச் சொல்ல எதுவுமில்லை.

வேலை பார்க்கும் இடத்தில் நாம் எல்லோருமே ஏதோ ஒரு கணக்கில் அளக்கப்படுகிறோம். டார்கெட், ரேட்டிங், வருஷக் கடைசி அப்ரைசல். அந்த எண்கள் பொய் இல்லை. நெய்ஸ்மித்தின் 55-60-உம் பொய் இல்லை, அவர் அத்தனை ஆட்டம் தோற்றது நிஜம். ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்து ஒரு அப்ரைசல் போட்டிருந்தால், ஆலனும் மக்லெண்டனும் அதில் வந்திருக்கவே மாட்டார்கள்.

லாரன்ஸ் ஊரில் கன்சாஸ் அணி ஆடும் அரங்கத்துக்கு ஆலன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 590 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தவருக்கு அது நியாயமான மரியாதை. அந்த அரங்கத்துக்குப் போகும் சாலைக்கும், உள்ளே வீரர்கள் ஓடியாடும் அந்த மரத் தரைக்கும் மட்டும் வேறு பெயர். நெய்ஸ்மித் சாலை. ஜேம்ஸ் நெய்ஸ்மித் ஆடுகளம்.